அப்பாவின் பெட்ரோமாக்ஸ் விளக்கு மீண்டும் எரிந்தது

அப்பா மறைந்து ஓராண்டு நிறைவதற்குப் பத்து நாள் இருக்கையில் அவருடைய பெட்ரோமாக்ஸ் விளக்கு மறுபடியும் எரிந்தது. ஒன்பது ஆண்டுகளாகப் பரணில் கிடந்த விளக்கு அது. அதைப் பிரித்துக் கழுவி, கெட்டதை மாற்றி, அவசரத்தில் தவறாக மாற்றியதைத் திரும்பவும் சரிசெய்து எரிய வைப்பதற்கு ஏழு வாரங்களின் மாலைப்பொழுதுகள் செலவாயின. இதே வகை விளக்கை வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதாலும், அப்பாவைப் பற்றி எழுத வேண்டும் என்று நான் நினைத்திருந்தவை பெரும்பாலும் இந்த வேலைக்குள்ளேயே கிடைத்துவிட்டன என்பதாலும், நடந்ததை நடந்த வரிசையில் எழுதி வைக்கிறேன்.

அப்பா வாரத்தில் ஆறு நாள் வேலைக்குப் போனவர். ஏழாவது நாளையும் அதற்கு முந்தைய இரவையும் ஏரிக்கரையிலோ ஆற்றோரத்திலோ காட்டை ஒட்டிய மேட்டிலோ கழித்தார். தூண்டில் போடுகிறவர்கள் பெரும்பாலும் தனியாகவோ நண்பர்களுடனோ போவார்கள். அப்பா அம்மாவையும் அக்காவையும் அண்ணனையும், நடை பழகாத வயதில் இருந்த என்னையும் சேர்த்துத்தான் கூட்டிப்போனார். கூடாரத்தைக் கட்டி, எங்கள் செருப்புகளைக் கவிழ்த்து வைத்து, கூடார வாசலிலிருந்து ஏழு தப்படி எண்ணி நடந்து, அந்த இடத்தில் ஒரு கம்பை நட்டு விளக்கைத் தொங்கவிடுவார். மண்ணெண்ணெய் எரியும் எதையும் மூடிய கூடாரத்துக்குள் வைக்கக் கூடாது, கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் ஆளைக் கொன்றுவிடும் என்பதை எங்கள் மூவருக்கும் பள்ளிப் பாடம் சொல்லிக்கொடுப்பதற்கு முன்பே அப்பா சொல்லிக்கொடுத்துவிட்டார்.

விளக்கு 40 செ.மீ. உயரம், காலியாக இருக்கும்போது எடை ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. பித்தளைத் தொட்டியில் ஒரு லிட்டர் எண்ணெய் பிடிக்கும். 1910 வாக்கில் ஜெர்மனியில் உருவான அமைப்பு இன்றுவரை பெரிதாக மாறவில்லை. தொட்டிக்குள் காற்றை அடித்தால் எண்ணெய் மேலேறிச் சூடான குழாயில் ஆவியாகி, நாசில் என்னும் நுண்துளை முனை வழியாகப் பீறிட்டுக் காற்றோடு கலந்து, மேண்டில் என்னும் ஒளிரும் வலைப்பையில் எரியும். பழுது பார்க்கிறவருக்கு இவ்வளவு தெரிந்தால் போதும், ஏனென்றால் எந்தக் கோளாறும் இந்தப் பாதையில் ஏதோ ஓரிடத்தில்தான் இருக்கும்.

முதல் வாரம் பிரிப்பதிலேயே போயிற்று. தொப்பியும் உள்கூடும் எளிதாகக் கழன்றன. கண்ணாடியில் கீழிருந்து மேல்வரை ஒரு விரிசல் ஓடியிருந்தது. மேண்டில் தொட்டவுடன் பொடியாக உதிர்ந்தது. பழைய மேண்டில்களில் பெரும்பகுதி தோரியம் ஆக்சைடு, அது சிறிதளவு கதிரியக்கம் உடையது என்பதால், அந்தப் பொடியை ஊதித் தள்ளாமல் ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, துணியைப் பையில் கட்டிப்போட்டேன். பம்பின் தோல் வாஷர் மரப்பட்டைபோல் காய்ந்திருந்தது. ஆவிக்குழாய் தொட்டியோடு சேரும் நட்டு அசையவே இல்லை. துருநீக்கி எண்ணெயை மூன்று இரவு தொடர்ந்து விட்டு, நான்காம் நாள் வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றிச் சூடேற்றி, நீளப் பிடியுள்ள ஸ்பேனரால் மெதுவாக அழுத்தியபோது ஒரு சிறு ‘டக்’ ஒலியோடு இளகியது. அந்த இடத்தில் பலத்தைக் காட்டியிருந்தால் தொட்டியின் கழுத்தே முறுக்கிக்கொண்டிருக்கும்.

தொட்டியைக் கவிழ்த்தபோது அடிப்பக்கத்தில் ஓர் ஈயப்பற்று தெரிந்தது. கட்டைவிரல் நகம் அளவுக்கு, ஓரங்கள் சமமில்லாமல், நடுவில் சற்றுப் புடைத்தபடி இருந்தது. அப்பா போட்டதுதான். ஒருமுறை பாறையில் மோதி எண்ணெய் கசிந்ததையும், மறுநாள் அவர் மேசையில் பழைய செய்தித்தாளை விரித்துப் பற்றவைத்ததையும் அக்கா நினைவு வைத்திருக்கிறாள். ஈயம் வழிந்து போகாதிருக்க ஆணியால் ஒரு வட்டம் கீறி, அந்த வட்டத்துக்குள் நிறுத்த முயன்றிருக்கிறார். ஒரு பக்கம் மட்டும் வட்டத்தைத் தாண்டி வழிந்து, சிறு நாக்குபோல் உறைந்திருக்கிறது. அதை அரத்தால் தேய்த்துச் சமமாக்கலாமா என்று ஒரு மாலை முழுவதும் யோசித்து, தேய்க்க வேண்டாம் என்று முடிவு செய்தேன். பின்னால் நீருக்குள் சோதித்தபோது, விளக்கு முழுவதிலும் ஒரு குமிழிகூட வராத இடங்களில் அந்தப் பற்றும் ஒன்று.

தொட்டிக்குள் பழைய எண்ணெய் மெழுகுபோல் படிந்திருந்தது. 200 மி.லி. அசிட்டோன் ஊற்றி, மூடி, காற்றோட்டமான இடத்தில் ஓர் இரவு வைத்து, மறுநாள் உள்ளே இருபது சிறிய எஃகு நட்டுகளைப் போட்டுக் குலுக்கினேன். படிவு நன்றாகவே வந்தது. ஆனால் வெளியே பத்தொன்பது நட்டுகள்தான் வந்தன. இருபதாவதை வெளியே எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அடுத்த முறை நட்டுகளுக்குப் பதிலாக ஒரு முழ நீளச் சங்கிலியைப் போடுவேன். அதுவும் அதே அளவுக்குச் சுரண்டும், ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் மொத்தமாக வந்துவிடும். கழுவிய தொட்டியை வெயிலில் இரண்டு நாள் கவிழ்த்து வைத்து உலர்த்தினேன்.

முதல் பெரிய தவறு பம்பில் நிகழ்ந்தது. தோல் வாஷரைப் புதிதாக மாற்றி, எண்ணெயில் ஊறவைத்து, குழிந்த பக்கம் தொட்டியை நோக்கி இருக்குமாறு பொருத்திக் காற்றடித்தேன். அழுத்தம் ஏறியது, ஆனால் கையை எடுத்தவுடன் பம்பின் தண்டு தானாகவே மேலே எழும்பி வந்தது. வாஷர் சரியாகப் பிடிக்கவில்லை என்று எண்ணிக்கொண்டு அதையே மூன்று முறை கழற்றி மாட்டினேன். உண்மையில் தண்டு தானாக மேலே வருகிறதென்றால், வாஷர் நன்றாகப் பிடிக்கிறது, பம்பின் அடியிலுள்ள ஒருவழி வால்வு காற்றைத் திரும்ப விடுகிறது என்று பொருள். இதைப் புரிந்துகொள்ள நான்கு மாலைகள் வீணாயின.

அந்த வால்வு பம்புக் குழலின் அடி ஆழத்தில் இருக்கிறது. அதன் தலையில் நடுவே ஒரு முளையும் இருபுறமும் வெட்டும் உள்ளன. சாதாரணத் திருப்புளி முளையில் தட்டி நழுவும். நழுவும் என்று தெரிந்தே முயன்று, வெட்டின் ஒரு விளிம்பைச் சிதைத்துவிட்டேன். பிறகு 8 மி.மீ. தடிப்பும் 20 செ.மீ. நீளமும் உள்ள எஃகுக் கம்பியை வைஸில் பிடித்து, நுனியைத் தட்டையாக்கி, நடுவில் முளை நுழையும் அளவுக்கு அரத்தால் வெட்டு எடுத்து, பாம்பின் நாக்குபோல் பிளந்த ஒரு சாவி செய்துகொண்டேன். செய்ய இரண்டு மணி நேரம். வால்வைக் கழற்ற அரை நிமிடம். மறுநாள் அப்பாவின் தூண்டில் பெட்டியைக் காலி செய்தபோது, ஈயக் குண்டுகளுக்கு அடியில் அதே வடிவத்தில் ஒரு சாவி, பிடியில் தூண்டில் நரம்பு சுற்றப்பட்டு, எண்ணெய்த் துணிக்குள் இருந்தது. அவரும் கம்பியை அரத்தால் தேய்த்துத்தான் செய்திருக்கிறார். அவருடைய வெட்டு என்னுடையதைவிட நேராக இருந்தது. இரண்டு சாவிகளையும் இப்போது ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறேன்.

வால்வுக்குள் இருந்த சிறிய அடைப்பு, 6 மி.மீ. விட்டமும் இரண்டரை மி.மீ. தடிமனும் உடையது, கல்லாக இறுகியிருந்தது. கைக்கு எட்டியது பழைய சைக்கிள் டியூப். அதில் வட்டம் வெட்டி இரண்டடுக்காகப் போட்டேன். முதல் நாள் நன்றாக வேலை செய்தது. மூன்றாம் நாள் காற்று உள்ளே போகவே மறுத்தது. கழற்றிப் பார்த்தபோது ரப்பர் மண்ணெண்ணெயில் ஊறி, வெர்னியர் அளவுகோலில் ஏழரை மி.மீ. வரை பருத்து, வால்வுக்குள் இறுகச் சிக்கியிருந்தது. எரிபொருளைத் தாங்கும் வைட்டான் ரப்பரைத் தகடாக வாங்கி, வாஷர் வெட்டும் வட்ட உளியால் வெட்டிப் போட்ட பிறகு இன்றுவரை தொல்லை இல்லை. மண்ணெண்ணெய் படும் எந்த இடத்திலும் கைக்குக் கிடைத்த ரப்பரைப் போடாதீர்கள்.

அடுத்தது கசிவுச் சோதனை. எண்ணெய் இல்லாமல், காற்று மட்டும் அடித்து, தொட்டியை வாளித் தண்ணீரில் அமிழ்த்தினேன். கைச்சக்கரத் தண்டைச் சுற்றிக் கசியாமல் இறுக்கும் கிளாண்டு நட்டிலிருந்து மெல்லிய குமிழிகள் வரிசையாக வந்தன. நட்டைக் கால் சுற்று இறுக்கியும் நிற்கவில்லை; கிராஃபைட் கயிறு இரண்டு சுற்று புதிதாக வைத்த பின்புதான் நின்றது. எண்ணெய் ஊற்றும் மூடியிலுள்ள பிரஷர் மீட்டரின் முள் அசையாமல் கிடந்ததால், அது செத்துவிட்டது என்று முடிவு கட்டிப் புதியது ஒன்று வாங்கிப் பொருத்தினேன். பழையதை உதிரிப் பாகங்கள் கிடந்த டப்பாவில் போட்டேன்.

நாசிலையும் ஊசியையும் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஊசி வளைந்திருந்தது, மாற்றினேன். கைச்சக்கரத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்போது ஊசி நாசில் துளைக்குள் ஏறி இறங்கி அடைப்பை நீக்க வேண்டும்; வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் நுனி எட்டிப் பார்ப்பது தெரியும். ஆவிக்குழாயின் கரியைத் தனியாகச் சூடாக்கித் தட்டி எடுத்தேன்.

ஐந்தாம் வாரம் முதல்முறையாக ஏற்றினேன். புதிய மேண்டிலைப் பீங்கான் முனையின் பள்ளத்தில் சுற்றி, சுருக்கங்கள் எல்லாப் பக்கமும் சமமாக விழும்படி கட்டி, நூலை ஒட்ட வெட்டினேன். தோரியத்துக்குப் பதிலாக இட்ரியம் சேர்த்த மேண்டில்கள் இப்போது கிடைக்கின்றன, அதையே வாங்கினேன். ஆவிக்குழாயைச் சூடாக்குவதற்கான கிண்ணத்தில் ஒரு தடவை ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தி, அது எரிந்து முடிவதற்குள் வால்வைத் திறந்தேன். குழாய் போதுமான அளவு சூடாகவில்லை. எண்ணெய் ஆவியாகாமல் திரவமாகவே பீறிட்டு, மஞ்சள் தீ தொப்பிக்கு மேலே ஒரு முழம் எழுந்தது. காற்றுத் திருகைத் திறந்து அழுத்தத்தை இறக்கினேன்; தீ தணிந்தது. திறந்தவெளியில், கைக்கெட்டும் தூரத்தில் ஈரச் சாக்கு வைத்துக்கொண்டு செய்ததால் கேடு ஒன்றும் இல்லை. கரியேறிய மேண்டில் மட்டும் போயிற்று. இரண்டாம் முயற்சியில் கிண்ணத்தை இருமுறை நிரப்பி, இரண்டாவது எரிந்து முடியும் தறுவாயில் வால்வைத் திறந்தபோது மேண்டில் உடனே பற்றிக்கொண்டது.

வெளிச்சம் வந்தது; ஆனால் மேண்டிலின் மேல் பாதி மட்டும் ஒளிர்ந்து, கீழ்ப் பாதி மங்கி, விட்டுவிட்டுத் துடித்தது. இரண்டு நாள் நாசிலையே சந்தேகப்பட்டேன். ஆவியும் காற்றும் கலக்கும் கலவைக்குழாயின் வாய்க்கும் நாசிலுக்கும் இடையில் இருக்க வேண்டிய தூரத்தை நான் அளக்கவே இல்லை. அளந்தபோது 17 மி.மீ. இருந்தது, 14 மி.மீ. இருக்க வேண்டும். பெட்டியில் கிடந்த தட்டையான சிறு ஸ்பேனரின் உடல் அகலம் சரியாக 14 மி.மீ. என்பதையும், அதை இடையில் நுழைத்துப் பார்த்துத்தான் இந்த தூரத்தைச் சரிசெய்ய வேண்டும் என்பதையும் அப்போதுதான் உணர்ந்தேன். சிறுவயதில் அப்பா விளக்கின் வயிற்றுக்குள் அந்த ஸ்பேனரைச் சொருகி எடுப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எதையோ இறுக்குகிறார் என்றே நினைத்திருந்தேன். குழாயை இறக்கி, ஸ்பேனர் உரசிக்கொண்டு போகும் அளவுக்கு வைத்ததும் மேண்டில் முழுவதும் வெண்மையாக எரிந்தது.

அன்று மாலை அம்மாவை வாசலில் உட்காரவைத்து, மீட்டரின் சிவப்புக் கோடு வரை காற்றடித்து விளக்கை ஏற்றினேன். இரைச்சல் பலமாக இருந்தது. வெளிச்சம் கண்ணைக் கூசியது. அம்மா சிறிது நேரம் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் எரியுது. ஆனா இது உங்கப்பா விளக்கு மாதிரி இல்லையே” என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. எங்கள் கூடாரத் துணியில் விழுந்த வெளிச்சம் இளமஞ்சளாக, பக்கத்தில் யாரோ மூச்சு விடுவது போன்ற ஓசையோடு இருக்கும். அந்த விளக்கு பழசாகி வலுவிழந்ததால் அப்படி எரிந்தது என்றுதான் இத்தனை காலமும் நம்பியிருந்தேன்.

மறுநாள் உதிரி டப்பாவைச் சுத்தம் செய்தபோது பழைய பிரஷர் மீட்டரைக் கையில் எடுத்தேன். அதன் பித்தளை விளிம்பில் கரி படிந்த ஒரு சிறு கீறல். துணியால் துடைத்ததும் அது கீறல் அல்ல, முக்கோண அரத்தின் முனையால் ஒருமுறை இழுத்துப் போட்ட அடையாளம் என்று தெரிந்தது. சிவப்புக் கோட்டுக்கும் பூஜ்யத்துக்கும் இடையில், பாதிக்குச் சற்று மேலே இருந்தது. அம்மாவிடம் காட்டினேன். “முழுசாக் காத்தடிச்சா அந்தச் சத்தத்துல நீ முழிச்சுக்குவே. அதனால பாதிதான் அடிப்பாரு. இறங்க இறங்க எழுந்து போய் அடிச்சிட்டு வருவாரு” என்றார். அதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்பது போலச் சொன்னார்.

பழைய மீட்டரின் அடித்துளையை ஊசியால் குத்திப் பார்த்தேன். இறுகிய எண்ணெய்தான் அடைத்திருந்தது. அசிட்டோனில் அரைநாள் ஊறவைத்ததும் முள் அசையத் தொடங்கியது. சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, 700 மி.லி. எண்ணெய் ஊற்றிப் புதிய மீட்டரை மாட்டி முப்பது அடி அடித்து முள் நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டேன். காற்றை இறக்கிப் பழையதை மாட்டி மறுபடியும் முப்பது அடி அடித்தேன். இரண்டும் ஒரே இடத்தில் நின்றன. புதியதைக் கழற்றி வைத்துவிட்டுப் பழையதையே பொருத்தினேன்.

பிறகு மூன்று இரவுகள் வீட்டு மாடியில் அந்த அடையாளத்தில் வைத்து எரித்துப் பார்த்தேன். இரைச்சல் பாதிக்கும் கீழே இறங்கியது. வெளிச்சம் நாங்கள் அறிந்த வெளிச்சம். ஆனால் அந்த அழுத்தத்தில் விளக்குக்குத் தாங்கும் இடம் மிகவும் குறைவு. சுமார் ஐம்பது நிமிடத்தில் முள் இன்னும் கீழே போய், மேண்டிலின் ஓரத்தில் கரி கட்டத் தொடங்கிவிடும். பன்னிரண்டு அடி அடித்தால் மறுபடியும் அடையாளத்துக்கு வரும். கரி கட்டிய பின் அடித்தால் மேண்டில் தெளிய வெகுநேரம் பிடிக்கிறது. ஆகவே அதற்கு முன்பே எழுந்துவிட வேண்டும். கணக்குப் போட்டால் ஓர் இரவுக்கு ஒன்பது முறை. ஆறு நாள் வேலை செய்த உடம்போடு, நாங்கள் புரண்டுகூடப் படுக்காமல் தூங்கிய இரவுகளில், அவர் ஒன்பது முறை எழுந்து ஏழு தப்படி நடந்திருக்கிறார். விடியலில் தூண்டில் போட எங்களை எழுப்பும்போது அவர் எப்போதும் முகம் கழுவி, காலணி போட்டுக்கொண்டு தயாராக நிற்பார்.

செலவைச் சொல்ல வேண்டும். கண்ணாடி, மேண்டில்கள் ஆறு, தோல் வாஷர், ஊசி, வைட்டான் தகடு, கிராஃபைட் கயிறு, தேவைப்படாமல் போன மீட்டர் எல்லாம் சேர்ந்து புதிய விளக்கின் விலையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. மீட்டரை வாங்காமல் இருந்திருந்தால் ஐந்தில் ஒரு பங்கோடு முடிந்திருக்கும். உழைப்பு 38 மணி நேரம். அதில் குறைந்தது 14 மணி நேரம் என் தவறுகளைச் சரிசெய்யப் போனது. அடுத்த முறை எதையும் வாங்குவதற்கு முன் ஒவ்வொரு பழைய பாகத்தையும் கழுவி, விளிம்பு விளிம்பாகப் பார்த்துவிடுவேன். பம்பைத் தொடுவதற்கு முன் ஒருவழி வால்வைச் சோதிப்பேன். தொப்பியின் ஒரு பக்கத்தை நான் பாலிஷ் போட்டுத் தேய்த்ததில் பழைய தீயின் நீலநிறம் அழிந்துபோனது. அதைச் செய்திருக்கக் கூடாது.

ஓராண்டு நிறைந்த அன்று அம்மாவையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அப்பாவின் ஏரிக்கரைக்குப் போனோம். கூடார வாசலிலிருந்து அண்ணன் ஏழு தப்படி எண்ணிக் கம்பை நட்டான். இரவு 8.50-க்கு ஏற்றினோம். காலை 4.40-க்கு அணைத்தோம். நடுவில் ஒன்பது முறை காற்றடித்தோம்: நான் நான்கு, அண்ணன் மூன்று, அக்கா இரண்டு. அம்மாவோ பிள்ளைகளோ விழிக்கவில்லை. விடிந்ததும் தொட்டியிலிருந்து வடித்து அளந்தபோது 310 மி.லி. எண்ணெய் மீந்திருந்தது.